மானாவாரி மண்ணை மீட்டல்: இடைக்கால இழப்பை ஏற்பவர் யார்?

பெங்களூரு நகரைச் சுற்றியுள்ள தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, ஹொசகோட்டை, நெலமங்கலம் ஆகிய வட்டங்களில் மானாவாரிப் பயிர் என்றால் முதலில் நிற்பது கேழ்வரகே ஆகும். ஆடி, ஆவணியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் அறுவடை செய்யப்படும் இப்பயிர் இப்பகுதி மக்களின் உணவு. அதன் தாள் கால்நடைகளின் தீவனம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இப்பீடபூமியில் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். மழையளவு மோசமானதன்று. ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் மண்ணுக்கு இல்லை. மணற்பாங்கான செம்மண், அங்ககக் கரிமம் பல இடங்களில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு, ஒரு பெருமழை பெய்து வெயில் காய்ந்தால் மேற்பரப்பு ஓடு போல் இறுகிவிடும். அடுத்த மழை அந்த ஓட்டின் மீது வழிந்தோடி, இருக்கும் மேல்மண்ணையும் அரித்துச் செல்லும்.

இத்தகைய மண்ணின் உயிர்ப்பை மீட்டுக்கொண்டே பயிர் செய்யும் முறைகளை இன்று மண்வளம் மீட்கும் வேளாண்மை என்று அழைக்கின்றனர். 1980-களில் அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல் இக்கருத்தைப் பரப்பினார். உழவைக் குறைத்தல், மண்ணை வெறுமையாக விடாது மூடி வைத்தல், பலவகைப் பயிர்களைக் கலந்து பயிரிடுதல், கால்நடையையும் மரத்தையும் பயிரோடு இணைத்தல் ஆகியவை இதன் கூறுகள். பெயர் புதிது; செய்திகளிற் பல பழையவை. கர்நாடகக் குடியானவர்கள் ‘அக்கடி சாலு’ என்று கூறும் முறையில், கேழ்வரகு வயலில் சில சால்களுக்கு ஒரு சால் வீதம் துவரை, மொச்சை, ஆமணக்கு, பேயெள்ளு, கடுகு முதலியன விதைக்கப்படும். பருவம் பொய்த்துக் கேழ்வரகு கருகினாலும் ஆழ வேர்விடும் துவரையோ ஆமணக்கோ தப்பி நிற்கும். ஆகவே உழவரிடம் போய் இம்முறைகளை முதன்முறையாகக் கற்பிக்கப் போவதாக எந்த அலுவலரும் எண்ணிவிடலாகாது. அவர் அறிந்த ஒன்றை ஏன் கைவிட்டார், மீண்டும் மேற்கொள்ள அவருக்கு எது தடையாக உள்ளது என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

நெடுங்கால ஆய்வு கூறுவது

பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் அகில இந்திய ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் 1978 முதல் ஒரு நிலையான உரப் பரிசோதனை நடந்து வருகிறது. ஒரே நிலத்தில், ஒரே பாத்திகளில், ஆண்டுதோறும் அதே உர முறைகள். ஒரு பாத்திக்கு எதுவும் இடுவதில்லை; ஒன்றுக்கு ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரம் மட்டும்; ஒன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு ரசாயன உரம் மட்டும்; மற்றவற்றுக்குத் தொழுவுரத்தோடு பாதியளவோ முழு அளவோ ரசாயன உரம். ஒரு பட்டப்படிப்பு மாணவரின் ஆய்வுக்காலம் இரண்டு மூன்று பருவங்களில் முடிந்துவிடும். மண்ணைப் பற்றிய உண்மைகளோ பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே புலப்படுகின்றன. அவ்வகையில் இப்பரிசோதனை நாட்டின் அரிய உடைமைகளுள் ஒன்று.

அதன் முடிவுகள் இரு தரப்பாரையும் சற்று நிதானிக்கச் செய்யும். ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகள் தொடக்க ஆண்டுகளில் நல்ல விளைச்சல் தந்து, பின்னர் படிப்படியாகத் தளர்ந்தன. அங்ககப் பொருள் திரும்பி வராத இச்செம்மண்ணில் அமிலத்தன்மை கூடுவதும், கரிமம் குறைவதும், உரமாக இடப்படாத பிற சத்துகள் வற்றுவதும் இதற்குக் காரணங்கள். தொழுவுரமும் ரசாயன உரமும் சேர்த்துப் பெற்ற பாத்திகளே உயர்ந்த விளைச்சலை ஆண்டுகள் தோறும் நிலைநிறுத்தின. தொழுவுரம் இட்ட பாத்திகளில் மண்ணின் கரிமமும் உயர்ந்தது. எனவே, ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தினால்தான் மண் தேறும் என்பதற்கு இந்நிலத்தில் ஆதாரம் இல்லை. ரசாயன உரமே போதும் என்பதற்கும் இல்லை. மண்ணுக்கு அங்ககப் பொருள் இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வு உறுதிப்படுத்தும் செய்தி.

சாணக் கணக்கு

ஹெக்டேருக்குப் 10 டன் தொழுவுரம் என்று எழுதுவது எளிது. அது எங்கிருந்து வரும்? ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடுவதாகக் கொண்டால் ஆண்டுக்கு மூன்றரை டன். மட்கி முடியும்போது ஏறத்தாழ அதில் பாதியே எஞ்சும். இரண்டு பசுக்கள் வைத்திருக்கும் ஒரு ஹெக்டேர் உழவர் ஆண்டுக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே முழு அளவு தொழுவுரம் இட இயலும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டுக்கும் எரு அடிக்கும் பழைய வழக்கம் இக்கணக்கிலிருந்தே பிறந்தது எனலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் சராசரி நிலவுடைமை 1.36 ஹெக்டேர், இந்தியா முழுமைக்கும் 1.08 ஹெக்டேர். ஆகவே இது விதிவிலக்கான குடும்பத்தின் கணக்கன்று.

கால்நடை குறைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980-களில் பெங்களூரு, கோலார் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் தைலமரம் விரைவாகப் பரவியது. ஆள்கூலி மிச்சம், காவல் தேவையில்லை, வெட்டும்போது மொத்தமாகப் பணம். ஆனால் தைலமரத்தின் இலையை மாடு தின்னாது. கேழ்வரகுத் தாள் கிடைத்த நிலத்தில் தீவனம் மறைந்தது. தைலமரம் நடுவதற்கு 2017-இல் மாநில அரசு தடை விதித்தது. எனினும் மரம் நின்ற நிலத்தின் கட்டைகளைப் பெயர்த்து மீண்டும் உணவுப் பயிருக்குக் கொண்டுவருவது செலவு மிகுந்த வேலை.

மற்றொரு முரண்பாடும் இங்குக் கருதத்தக்கது. மண்ணை மூடாக்கால் மறைத்து வையுங்கள் என்கிறது புதிய பரிந்துரை. கேழ்வரகுத் தாளே கையில் உள்ள மூடாக்கு. அதை நிலத்தில் பரப்பினால் மாட்டுக்கு என்ன போடுவது? பால் கூட்டுறவுச் சங்கத்திற்கு நாள்தோறும் பால் ஊற்றி வாராவாரம் பணம் பெறும் குடும்பத்தில் இக்கேள்விக்கு விடை முன்கூட்டியே முடிவாகிவிட்டது. தாள் மாட்டுக்கே போகும். அயல்நாட்டு அகன்ற பண்ணைகளின் நூல்களைப் பார்த்துத் தயாரிக்கப்படும் துண்டுப் பிரசுரங்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன.

இதற்கு மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. வரப்பு ஓரங்களில் கிளைரிசிடியாவும் புங்கமும் நட்டு, இலைகளைக் கழித்து நிலத்தில் இடலாம். சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையைப் பயன்படுத்தி, சணப்பை, கொள்ளு, தட்டைப்பயறு போன்ற ஒன்றை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, பின்னர் கேழ்வரகு விதைக்கலாம். இப்பகுதியில் மழை இரு உச்சங்களாகப் பெய்வதால் முதல் மழை பெரும்பாலும் வீணாகிறது. அதைப் பசுந்தாளாக மாற்றுவதே இம்முறையின் நுட்பம். எட்டு வரிசை கேழ்வரகுக்கு இரண்டு வரிசை துவரை என்ற பல்கலைக்கழகப் பரிந்துரை, அக்கடி சாலின் திருத்திய வடிவமாகும். துவரை வரிசைகளுக்கு இடையே வெட்டப்படும் சால் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறது. துவரையின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகின்றன. உதிரும் இலை மண்ணில் சேர்கிறது. குடும்பத்துக்குப் பருப்பும் கிட்டுகிறது.

200 லிட்டர் நீரில் 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் ஆகியவற்றைக் கலந்து ஓர் ஏக்கருக்கு விடப்படும் ஜீவாமிர்தம் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கரின் இம்முறையைக் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தினர் 2000-களில் பரவலாக எடுத்துச் சென்றனர். கலவையில் உள்ள தழைச்சத்து சில நூறு கிராமைத் தாண்டாது. ஒரு கேழ்வரகுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ பரிந்துரைக்கப்படுகிறது. நுண்ணுயிர்களைத் தூண்டுவதே தம் நோக்கம், சத்து மண்ணிலிருந்தே வரும் என்பர் இம்முறையினர். ஏற்கெனவே வற்றிய மண்ணில் அந்த இருப்பு எவ்வளவு என்பது மண் பரிசோதனையால் அறிய வேண்டியது. உழவரின் பணச்செலவைக் குறைப்பதில் இம்முறைக்கு உள்ள மதிப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் மூடாக்கும் ஊடுபயிரும் இன்றிக் கரைசலை மட்டும் எடுத்துக்கொள்வது மருந்தை விட்டுவிட்டு அனுபானத்தை மட்டும் உண்பது போன்றது.

விலை எந்தப் பக்கம் சாய்கிறது

45 கிலோ யூரியா மூட்டையின் விற்பனை விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். அதில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உண்டு. ஒரு ஹெக்டேர் கேழ்வரகுக்குத் தேவையான 50 கிலோவை இரண்டரை மூட்டைகளில், சுமார் 600 ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஒருவர் அரை நாளில் தூவிவிடுவார். அதே 50 கிலோ, நல்ல தொழுவுரத்தில் 10 டன்னில் உள்ளது. அதிலும் முதற் பருவத்தில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. எஞ்சியது பின்வரும் ஆண்டுகளுக்கு. இந்த 10 டன்னை விலைக்கு வாங்கி, வண்டியில் ஏற்றி, இறக்கி, பரப்பப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். தொழுவுரம் யூரியாவுக்கு ஈடன்று என்பது உண்மையே. அது நீரைப் பிடிக்கிறது, நுண்ணூட்டங்களைத் தருகிறது, மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. ஆனால் கடையில் பணம் எண்ணிக் கொடுக்கும் வேளையில் உழவரின் கண்முன் நிற்பது விலை வேறுபாடுதான்.

இவ்வேறுபாடு இயற்கையாக ஏற்பட்டதன்று. 2022-23-இல் மைய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. இதற்கு எதிரே, 2015-இல் தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா, உழவர் குழுக்களுக்கு மூன்றாண்டுக் காலம் உதவி அளித்து, குழுவினர் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பங்கேற்புச் சான்று முறையையும் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தின் மதிப்பீடு 2,481 கோடி ரூபாய்; இலக்கு 7.5 லட்சம் ஹெக்டேர், ஒரு கோடி உழவர். இடுபொருள் ஆக்கித் தரும் 10,000 மையங்கள். உர மானியத் தொகையின் அருகில் வைத்துப் பார்த்தால் இது நூற்றில் ஒரு பங்கு. உர மானியத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. நாட்டின் உணவு உற்பத்தி அதைச் சார்ந்துள்ளது. ஆனால், இடுபொருளை வாங்குவோர்க்கு மட்டும் அரசின் பணம் தானாகவே போய்ச் சேர்கிறது. தம் நிலத்திலேயே ஆக்கிக்கொள்வோர் விண்ணப்பம் எழுதி, குழு சேர்ந்து, சான்று பெற்றே பெறவேண்டியுள்ளது.

விற்பனையிலும் இதே நிலை. 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். எம்முறையில் விளைந்ததாயினும் கொள்முதல் நிலையத்தில் ஒரே விலை. கர்நாடகம் 2004-லேயே அங்கக வேளாண்மைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம். சிறுதானியம் பயிரிடுவோர்க்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கும் ‘ரைத்த சிரி’ திட்டம் 2019-20 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அங்ககக் கேழ்வரகுக்குப் பெங்களூருக் கடைகளில் கூடுதல் விலை தருவோர் உண்டு. சான்று கைக்கு வரும்வரை உழவர் அவ்விலையைக் கேட்க முடியாது. மாற்றத்தின் முதலிரு ஆண்டுகளில் குறையும் விளைச்சலை அவர் சாதாரண விலைக்கே விற்கிறார். உதவி உண்மையில் தேவைப்படுவது இந்த இடைக்காலத்தில்தான்.

பணம் மட்டும் போதுமா?

பணம் வந்துவிட்டால் முறை பரவிவிடும் என்று கருதவும் இயலாது. 2009-இல் இக்ரிசாட் நிறுவனத்தின் துணையோடு கர்நாடக அரசு தொடங்கிய ‘பூசேதனா’ திட்டம் இதற்கு ஒரு பாடம். கோலார், சிக்கபள்ளாபுரம், தும்கூரு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் உழவர் வயல்களிலிருந்து மண் எடுத்துப் பார்த்தபோது, கந்தகம், துத்தநாகம், போரான் ஆகியவை பரவலாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. முடிவுகள் ஊர்ச் சுவர்களில் கன்னடத்தில் எழுதி வைக்கப்பட்டன. அவ்வூர் உழவர் ஒருவரே பயிற்சி பெற்று, சுற்றியுள்ள நிலங்களுக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டார். ஹோப்ளி அளவில் இயங்கும் ரைத்த சம்பர்க்க கேந்திரங்கள் 2000 முதல் உள்ளன. ஆயினும் ஓர் அலுவலரின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கையில், புழு விழுந்த அன்று அவர் வயலில் நிற்பார் என எதிர்பார்க்க முடியாது. பக்கத்து வயல்காரர் நிற்பார்.

தொட்டபள்ளாபுரம் அருகே மரளேனஹள்ளியில் அங்கக வேளாண்மை செய்த எல். நாராயண ரெட்டி (மறைவு: 2019) தம் சிறு பண்ணையையே பள்ளியாக்கியவர். மரங்களுக்கு இடையே பயிரும், உதிர்ந்த இலையே உரமுமாக அவர் செய்ததைக் காண மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் உழவர் வந்தனர். பேச்சில் வல்லவர் என்பதால் மட்டும் வந்தவர்கள் அல்லர். தம் நிலத்தைப் போன்ற செம்மண்ணில், தம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டியதைக் கண்ணால் காண வந்தவர்கள். ஆண்டுதோறும் கா.கி.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளாவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் திரள்வதும் இக்காரணம் பற்றியே.

நகரத்தின் கடன்

பெங்களூருவுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. 1939-இல் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா உருவாக்கிய மட்கு உர முறை, உலகெங்கும் ‘பெங்களூர் முறை’ என்றே அறியப்படுகிறது. ஆல்பர்ட் ஹோவார்டின் இந்தூர் முறையில் குவியலை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். பெங்களூர் முறையிலோ நகரக் குப்பையையும் மலக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, மேலே மண் பூசி, புரட்டாமல் பல மாதங்கள் விட்டுவிட்டால் போதும். உழைப்பு குறைவு, தழைச்சத்து இழப்பும் குறைவு. 1975-இல் கர்நாடக மட்கு உர மேம்பாட்டுக் கழகமும் இந்நகரிலேயே நிறுவப்பட்டது. கிராமத்திலிருந்து தானியமாகவும் காய்கறியாகவும் நகருக்கு வரும் சத்து, உரமாகத் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

நடந்தது வேறு. 2001-இல் 65 லட்சமாக இருந்த பெங்களூரு நகர மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 96 லட்சமாயிற்று. குப்பையில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் பெருகின. உரத்துக்குப் பதிலாகக் குப்பையே ஊர்களுக்குச் சென்றது; மாவள்ளிபுரத்திலும் மண்டூரிலும் மலையாகக் குவிந்தது. மக்கள் எதிர்த்துப் போராடியதன் விளைவாக மண்டூர்க் கிடங்கு 2014 இறுதியில் மூடப்பட்டது. குப்பையைப் பிரித்துத் தராத நகரத்தின் மட்கு உரத்தை, வெறுங்காலோடு நாற்று நடும் உழவர் ஏன் நம்ப வேண்டும்? நகர மட்கு உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என 2016-இல் மைய அரசு அறிவித்தபோதும் இடர் விலையில் இருக்கவில்லை, தரத்தில் இருந்தது. ஈரக் கழிவு வீட்டு வாசலிலேயே பிரியும்போதுதான் சாணக் கணக்கில் விழும் துண்டை நகரம் ஓரளவேனும் நிரப்ப முடியும்.

அவசரமும் நிலவுரிமையும்

மாற்றத்தை ஆணையால் விரைவுபடுத்த முயன்றால் நேர்வது என்ன என்பதை இலங்கை காட்டியது. 2021 மே மாதத்தில் அந்நாடு ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. மாற்று உரம் போதிய அளவில் தயாராக இல்லை, வழிகாட்டுவோரும் இல்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும், அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. நிலத்தில் ஒரு மூலையில், கால் ஏக்கரில், ஒரு பருவம் செய்து பார்த்து, தேறினால் விரிவாக்கும் உழவரின் இயல்பான நிதானத்துக்கு அங்கு இடமே தரப்படவில்லை. பெங்களூருச் சுற்றுப்புறத்தில் இத்தகைய ஆணை எதுவும் இல்லை. இங்கு உழவரின் காலத்தைச் சுருக்குவது வேறொன்று.

2008-இல் தேவனஹள்ளி அருகே விமான நிலையம் திறக்கப்பட்டபின் சுற்றுவட்டார நிலத்தின் மதிப்பு, அதில் விளையும் எதனோடும் தொடர்பற்றதாகிவிட்டது. உழவர் அல்லாதோரும் வேளாண் நிலம் வாங்க 2020-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. நகரவாசிகள் வாங்கிய நிலங்களிற் பல, அடுத்த ஊர்க்காரர் ஒருவரால் வாய்மொழி ஏற்பாட்டில் உழப்படுகின்றன. 1974 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம், படைவீரர், கடலோடிகள் நிலம் போன்ற சில விலக்குகள் தவிர, குத்தகையையே தடை செய்கிறது. உழுபவனுக்கே நிலம் என்ற உயரிய நோக்கில் எழுந்த அச்சட்டம் பல்லாயிரம் குத்தகைதாரரை நிலவுடைமையாளராக்கியது. ஆனால் இன்று வாய்மொழியாக உழுபவரின் பெயர் நிலப்பதிவேட்டில் இல்லை. ஆகவே ஊக்கத்தொகைப் பட்டியலிலும், பயிர்க் காப்பீட்டிலும், சான்றளிக்கும் குழுவிலும் அவர் இடம்பெறுவது அரிது. உதவித்தொகை நகரில் வாழும் உடைமையாளரின் கணக்குக்குச் செல்கிறது; மண்ணில் எரு அடிப்பதா வேண்டாவா என்ற முடிவோ வயலில் நிற்பவரிடம் உள்ளது. அடுத்த ஆண்டு அந்நிலம் தம்மிடம் இருக்குமா என்று அறியாத அவர், இப்பருவத்திலேயே பலன் தரும் யூரியாவைத் தேர்வதில் வியப்பில்லை.

அண்டை மாநிலமான ஆந்திரம் 2019-இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி, நிலவுடைமையாளரின் உரிமைக்கு ஊறின்றி, உழுபவருக்கு ஓர் அட்டை வழங்க வகை செய்தது. அவ்வட்டையைக் கொண்டு கடனும் காப்பீடும் பெறலாம். அதன் காலம் 11 மாதங்கள். வரப்பில் நட்ட கிளைரிசிடியாவை முதன்முறை கழித்து இலையெடுக்க அதனினும் கூடுதலான காலம் ஆகும்.